பூதியின் குடும்பத்தைப் பெயர் சொல்லி எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் சுற்றுலாப் பகுதியில் கொடும்பாளூர் மூவர் கோயிலைப் பற்றி அரைப்பக்கம் வெளியிட்டிருந்தீர்கள். எங்கள் பகுதிக் கோயிலுக்கு அவ்வளவு இடம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. படங்களும் நன்றாக இருந்தன. ஆனால் அந்த அரைப்பக்கத்தில் பாதிக்குமேல், புகழ்பெற்ற தொடர்கதை ஒன்றில் வரும் கொடும்பாளூர் இளவரசியைப் பற்றியே எழுதியிருந்தது. கோயிலைக் கட்டியவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம்: சிற்றரசர் ஒருவர் தமக்கும் தம் இரு மனைவியருக்குமாக மூன்று கோயில்கள் எடுத்தார் என்று. அந்த மனைவியரின் பெயரைக்கூடக் காணோம்.

அந்தப் பெயர்கள் எங்கோ சுவடிக் கட்டில் புதைந்து கிடப்பவை அல்ல. அதே கோயிலின் நடு விமானத்துச் சுவரில் வெட்டியிருக்கிறார்கள். ஒருத்தி கற்றளி, இன்னொருத்தி வரகுணை. கணவர் பெயர் பூதி, பட்டப்பெயர் விக்கிரமகேசரி. இந்த மூன்று பெயர்களும் உங்கள் வாசகர்களைப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

விராலிமலைப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். அரசு உயர்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றேன். ஏழாம் வகுப்பில் பிற்காலச் சோழர் பாடம் வரும்போதெல்லாம் பிள்ளைகளை மூவர் கோயிலுக்கு அழைத்துப் போவேன். பாடப் புத்தகத்தில் பேரரசர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். அவர்களுக்குப் படை திரட்டிக் கொடுத்த, பெண் கொடுத்துப் பெண் எடுத்த, அவர்களுக்காகச் செத்த வேளிர் குடும்பங்களுக்கு அங்கே ஒரு வரி கிடைத்தாலே அதிகம். அந்த ஒரு வரியைப் பிள்ளைகளுக்கு விரித்துச் சொல்ல எனக்குக் கிடைத்த இடம் அந்தக் கோயில்.

முதலில் ஊர். திருச்சியிலிருந்து மதுரை போகும் நெடுஞ்சாலையில் விராலிமலையைத் தாண்டியதும் கொடும்பாளூர் வந்துவிடும். இன்று பேருந்தில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் கடந்துவிடுகிற ஊர். சிலப்பதிகாரத்தில் காடுகாண் காதையில், மதுரைக்கு வழி கேட்கும் கோவலனிடம் மாங்காட்டு மறையோன் 'கொடும்பை நெடுங்குளக் கோட்டகம்' போய்ச் சேருங்கள் என்கிறான். அங்கிருந்து சிவனுடைய சூலம்போல வழி மூன்றாகப் பிரியும் என்று சொல்லி, மூன்றுக்கும் அடையாளம் கொடுக்கிறான். சோழ நாட்டிலிருந்து பாண்டிய நாட்டுக்குப் போகிறவர் எவரானாலும் இந்தக் குளக்கரையை மிதித்துத்தான் போகவேண்டும் என்பது அப்போதே உறுதியாகிவிட்டது. வணிகனுக்கு வழி என்றால் படைக்கும் அதுதான் வழி. இரண்டு பெரிய அரசுகளுக்கு நடுவே வாசற்படியில் குடியிருந்த குடும்பம் இது. சேனை எந்தப் பக்கமிருந்து வந்தாலும் முதலில் கதவு தட்டப்படுவது இவர்கள் வீட்டில்தான்.

இவர்களை இருக்குவேள் என்பார்கள். வேளிர் என்ற பழங்குடியின் பெருமையைப் புறநானூற்றில் கபிலர் பாடியிருக்கிறார். பாரி இறந்தபின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு இருங்கோவேளிடம் போய், 'நாற்பத்தொன்பது வழிமுறை வந்த வேளிருள் வேளே' என்று அழைத்துக் கேட்கிறார். துவரையை, அதாவது துவாரகையை ஆண்ட மரபு என்று சொல்கிறார். அந்த இருங்கோவேள் பெண்களை ஏற்கவில்லை. அடுத்த பாட்டிலேயே கபிலர் கோபத்தோடு எழுந்துவிடுகிறார். பல நூற்றாண்டு கழித்துக் கொடும்பாளூர்க் கல்வெட்டு பூதியின் தந்தையை 'யதுவம்சகேது', அதாவது யது குலத்துக் கொடி என்கிறது. துவரை, யது குலம் என்ற நினைவு அந்த வீட்டில் அவ்வளவு காலம் தொடர்ந்திருக்கிறது.

இனிக் கல்வெட்டு. கிரந்த எழுத்தில் வெட்டிய வடமொழிச் செய்யுள் அது. தொடக்கம் சிதைந்துபோனதால் குடும்பத்தின் முதல் மூதாதை பெயரில்லாமல் நிற்கிறார். பாண்டியனின் யானைகளைக் கைப்பற்றியவர் என்ற செய்தி மட்டும் அவரைப்பற்றி மிஞ்சியிருக்கிறது. அவருக்குப் பின் பரவீரஜித், வீரதுங்கன், அதிவீரன், சங்ககிருத் என்று பெயர்கள் வருகின்றன. அடுத்து நிருபகேசரி. இவர் சிறுவயதில் பாம்புகளோடு வளர்ந்தாராம். இந்த இடத்தைச் சொன்னதும் என் வகுப்புப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். வயலும் புற்றும் நிறைந்த ஊர்ப் பிள்ளைகள் அவர்கள். எந்தப் பாம்பு டீச்சர் என்று கேட்காத வருடமே இல்லை. அவருக்குப்பின் பரதுர்க்கமர்த்தனன். பகைவர் கோட்டைகளை நொறுக்கியவர், வாதாபியை வென்றவர் என்று பெருமை பேசுகிறது கல்வெட்டு.

அவருக்கு அடுத்தவர் சமராபிராமன், நம் பூதியின் தந்தை. அதிராஜமங்கலம் என்ற இடத்தில் சளுக்கி என்ற பகைவரைக் கொன்றதாகச் சொல்லப்படுபவர். அவருக்கு வாய்த்த மனைவியின் பெயர் அனுபமா. சோழ மன்னரின் மகள். ஆக, பூதி தாய்வழியில் சோழர் வீட்டுப் பேரப்பிள்ளை. கல்வெட்டை எழுதிய கவிஞர் இதைச் சொல்லாமல் தாண்டிப் போகவில்லை. நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விடுபட்டால் எவ்வளவு பெரிய குற்றமோ, அப்படித்தான் அந்த வீட்டிலும் தாய்வழியை நினைத்திருக்கிறார்கள். பேரரசனின் பேரன் என்ற உறவு, எல்லையில் இருக்கிற சிற்றரசனுக்கு ஒரு கோட்டைக்குச் சமம்.

பூதி செய்த போர்களாக மூன்றைக் கல்வெட்டு சொல்கிறது. பல்லவர் படையின் குருதியால் காவிரி நீரைச் சிவக்கச் செய்தது ஒன்று. வீரபாண்டியனைப் போரில் வென்றது இன்னொன்று. வஞ்சிவேள் என்பவரை அழித்தது மூன்றாவது. போர்ச் செய்தியை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். வெற்றிகளை எல்லாக் கல்வெட்டுகளும் இப்படித்தான் பேசும். என்னை நிறுத்தி வைப்பது அதற்கு அடுத்த செய்திதான்.

போர்களைச் சொல்லி முடித்ததும் கல்வெட்டு பூதியின் வீட்டுக்குள் வருகிறது. கொடும்பாளூரில் கற்றளி, வரகுணை என்ற இரு மனைவியரோடு வாழ்ந்தார் என்கிறது. கற்றளிக்கு இரண்டு ஆண் மக்கள்: பராந்தகன், ஆதித்தவர்மன். இரண்டுமே சோழ மன்னர்கள் சூடிய பெயர்கள். பாட்டியின் பிறந்த வீட்டையும் பணி செய்த அரசையும் பிள்ளைகளின் பெயரிலேயே கட்டிப்போட்டிருக்கிறார் பூதி என்பது என் எண்ணம். வரகுணைக்குப் பிறந்ததாக எந்தப் பிள்ளையையும் கல்வெட்டு சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் கோயில். தன் பெயரில் ஒன்று, இரு மனைவியர் பெயரில் ஒவ்வொன்று என மூன்று விமானங்கள் எடுத்து, மகேசுவரனை எழுந்தருளச் செய்தார். மூன்றும் ஒரே வரிசையில், மேற்கே பார்த்து, ஒரே மதிலுக்குள் நிற்கும்படி அமைத்தார். ஒரே அளவாகவும் அமைத்தார். பிள்ளை பெற்றவளுக்குப் பெரியது, மற்றவளுக்குச் சிறியது என்ற வேறுபாடு அந்தத் தரையமைப்பில் இல்லை. போய் நின்று பார்த்தால் எவருக்கும் இது தெரியும். ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வாழ்ந்தால் பேச்சு எப்படிப் போகும், யாருக்கு எங்கே இடம் என்று எப்படிக் கணக்குப் பார்ப்பார்கள் என்பது நமக்குத் தெரியாததா? அந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த மூன்று அதிட்டானங்களையும், அதாவது அடித்தளங்களையும் பார்க்கிறேன். வரகுணைக்கும் கற்றளிக்கும் சரிசமமாக இடம் அளந்து கொடுத்திருக்கிறார் பூதி. இதைவிடப் பெரிய செய்தி ஒரு குடும்பத்தைப் பற்றிக் கல்லில் கிடைக்குமா?

இன்று நடு விமானமும் தெற்கு விமானமும் முழுதாக நிற்கின்றன. வடக்கே உள்ளதில் அடித்தளம் மட்டுந்தான் மிச்சம். சுற்றிலும் இருந்த சிறு சன்னதிகளும் அடித்தளக் கோடுகளாகத்தான் தெரிகின்றன. நடுவில் இருப்பதைப் பூதியின் பெயருக்கு உரியது என்று கொண்டால், இடிந்துபோனது இரண்டு பெண்களில் ஒருத்தியின் விமானம். எவளுடையது என்று கல்வெட்டில் இல்லை. உங்கள் கட்டுரை 'ஒன்று சிதைந்துவிட்டது' என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டது. அந்த மேடையின் முன் நின்று கற்றளி, வரகுணை என்ற இரண்டு பெயரையும் என் பிள்ளைகள் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார்கள். உங்கள் செய்தியாளரும் இரண்டு பெயரையும் எழுதியிருக்கலாம்.

நிற்கிற இரண்டு விமானங்களிலும் சிற்பங்களைப் பார்க்கிறவர்கள் அவசரப்படாமல் பார்க்க வேண்டும். அர்த்தநாரி இருக்கிறார். யானையுரித்த மூர்த்தி, பிட்சாடனர், கங்காதரர், காலனை உதைத்தவர், வீணை ஏந்தியவர் என்று சிவனின் கோலங்கள் தளந்தோறும் இருக்கின்றன. மேற்கே பார்த்த கோயில் என்பதால் சாயங்கால வெயிலில் முகப்பு நன்றாகத் துலங்கும். காலையில் போய் நிழலில் படம் எடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள்.

கோயிலோடு பூதியின் பணி முடியவில்லை. பெரிய மடம் ஒன்றையும் கட்டி, மல்லிகார்ச்சுனர் என்ற துறவியிடம் ஒப்படைத்தார். இவர் மதுரையைச் சேர்ந்தவர், ஆத்திரேய கோத்திரத்தார், வித்தியாராசி, தபோராசி என்ற இருவரின் சீடர். சைவத்தின் பழைய பிரிவுகளில் ஒன்றான காளாமுகத்தைச் சேர்ந்தவர். ஐம்பது துறவியர் உணவுக்கும், பூ, தூபம், விளக்கு, அமுது, வெற்றிலை ஆகியவற்றுக்கும் பதினொரு ஊர்களை அந்த மடத்துக்குப் பூதி எழுதி வைத்தார். எல்லையில் நின்று பாண்டியனோடு போரிட்டவர், மடத்தை ஒப்படைக்க மதுரைத் துறவியைத்தான் தேடியிருக்கிறார். போர்க்களத்தில் இருந்த பகை துறவியின் ஊரைப் பார்க்கவில்லை. நான் வியப்பது இதைத்தான்.

பதினொரு ஊர் விளைச்சல் அன்னத்துக்குப் போவது இந்தக் குடும்பத்துக்குப் புதிதுமல்ல. அறுபத்துமூவரில் ஒருவரான இடங்கழி நாயனார் இதே கொடும்பாளூரை ஆண்ட வேளிர்தான். அடியார்களுக்கு அமுதளித்து வந்த ஒருவர், கையில் பொருள் தீர்ந்ததும் இரவில் அரண்மனை நெற்கூட்டில் புகுந்து திருடிப் பிடிபட்டார். விவரத்தைக் கேட்ட நாயனார், 'இவரல்லவோ எனக்குப் பண்டாரம்', அதாவது இவரே என் செல்வம் என்று சொல்லி, நெற்கூடு மட்டுமல்ல, கருவூலத்தையும் அடியார்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று பறையறைவித்தார். எட்டாம் நூற்றாண்டில் சுந்தரர் திருத்தொண்டத் தொகையில் 'மடல்சூழ்ந்த தார்நம்பி இடங்கழிக்கும் அடியேன்' என்கிறார். பூதி சிறுவயதில் தன் குலத்து முன்னோர் கதையாக இதைக் கேட்டுத்தான் வளர்ந்திருப்பார்.

அடுத்ததாக உங்கள் கட்டுரையில் கோயிலுக்குக் கொடுத்திருந்த காலம். சுந்தர சோழர் காலம் என்று ஐயமில்லாமல் அச்சிட்டிருந்தீர்கள். கல்வெட்டில் ஆண்டு கிடையாது. சோழ மன்னர் எவரையும் பேர் சொல்லி, அவருடைய இன்ன ஆட்சியாண்டு என்றும் எழுதவில்லை. அதனால்தான் அறிஞர்களிடையே இவ்வளவு காலம் வழக்கு நடக்கிறது. கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியார் பூதியைச் சுந்தர சோழருக்கும் இரண்டாம் ஆதித்தனுக்கும் சமகாலத்தவராக வைத்தார். வீரபாண்டியனை வென்றார் என்ற செய்தி அதற்கு ஆதாரம். 'சோழன் தலைகொண்ட' என்று பட்டம் சூட்டிக்கொண்ட வீரபாண்டியனைச் சோழர் சேவூரில் முறியடித்தது அக்காலத்தில்தான். ஆனால் அதே கல்வெட்டு பல்லவர் படையைப் பற்றியும் பேசுகிறதே? பல்லவர் ஆட்சியை ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே முதலாம் ஆதித்தன் முடித்துவிட்டான். சுந்தர சோழர் காலத்தில் காவிரிக் கரையில் குருதி சிந்தப் பல்லவர் படை ஏது? இந்தக் காரணத்தாலும் கட்டடத்தின் பழமையான அமைப்பாலும் பூதியை முதலாம் ஆதித்தன் காலத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. நானும் இந்தப் பக்கந்தான்.

எனக்கு அந்த எண்ணத்தை உறுதி செய்தது போர்ச் செய்தியைவிடக் குடும்பச் செய்தி. திருச்சியிலிருந்து கரூர் சாலையில் காவிரியின் தென்கரையோடு போனால் அந்தநல்லூர் வரும். அங்கே திருவாலந்துறை மகாதேவர் கோயிலைக் கல்லால் எடுத்தவர் செம்பியன் இருக்குவேள் ஆகிய பூதி பராந்தகன். முதலாம் பராந்தக சோழர் காலம். அக்கால வழக்கப்படி தந்தை பெயர் முன்னால் வரும். ஆகவே இவர் பூதியின் மகன் பராந்தகன். மூவர் கோயில் கல்வெட்டு, கற்றளி பெற்ற முதல் மகன் பெயர் பராந்தகன் என்கிறது. இருவரும் ஒருவரே என்று கொண்டால், தந்தை பூதி அதற்கு முந்திய தலைமுறை, அதாவது முதலாம் ஆதித்தன் காலத்தவர் ஆகிறார்.

அந்தநல்லூருக்கு அருகிலேயே, அதே கரையில் திருச்செந்துறை. அங்குள்ள சந்திரசேகரர் கோயிலைக் கல்லால் எடுத்தவர் ஒரு பெண், பூதி ஆதித்த பிடாரி. தென்னவன் இளங்கோவேளார் மகள். முதலாம் பராந்தக சோழரின் மகன் அரிகுலகேசரிக்கு வாழ்க்கைப்பட்டவர். இந்தத் தென்னவன் இளங்கோவேளாரையே நம் பூதி என்று கொள்ளும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அதை ஏற்றால் குடும்பம் நம் கண்முன் முழுதாக வந்துவிடும். சோழர் வீட்டிலிருந்து அனுபமா கொடும்பாளூருக்கு மருமகளாக வந்தாள். அவள் மகன் பூதி. அவள் பேத்தி பிடாரி திரும்பவும் சோழர் வீட்டுக்கே மருமகளாகப் போனாள். பாட்டி பிறந்த வீட்டில் பேத்தி வாழப் போவது நம் பக்கத்தில் இன்றும் நடப்பதுதான். தந்தை கொடும்பாளூரில் மனைவியர் பெயரில் கோயில் எடுத்தார் என்றால், மகனும் மகளும் காவிரிக் கரையில் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் ஆளுக்கொரு கோயில் எடுத்திருக்கிறார்கள். மகள் தன் பெயராலேயே எடுத்தாள். மனைவியர் பெயரைத் தன் பெயருக்கு இணையாக வெட்டிவைக்கிற தகப்பன் வீட்டில் வளர்ந்த பெண் வேறு எப்படி இருப்பாள்?

இந்தக் குடி சோழருக்குக் கொடுத்தது பெண்ணை மட்டுமல்ல. சுந்தர சோழரின் ஒன்பதாம் ஆட்சியாண்டில் ஈழத்துப் போரில் பட்ட கொடும்பாளூர் வேளான் பராந்தகன் சிறியவேளாரைத் திருவெண்காட்டுக் கல்வெட்டு நினைவுகூர்கிறது. அந்தக் காலத்தில் வல்லப மன்னன் (சோழ மன்னரைத்தான் இப்படிக் குறிக்கிறது என்பார்கள்) அனுப்பிய படையை இலங்கை அரசன் நான்காம் மகிந்தனின் தளபதி சேனன் முறியடித்தான் என்று இலங்கையின் சூளவம்சம் சொல்கிறது. இரண்டும் ஒரே போரைப் பற்றியவை என்று கொள்வது வழக்கம். தோற்ற போர் என்பதால் மெய்க்கீர்த்தி பாடுகிறவர்கள் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. செத்தவருக்காக விளக்கு எரிய வைத்தது அவர் வீட்டாரின் நினைவுதான்.

நீங்கள் எழுதியிருந்த கதை இளவரசியின்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அந்தத் தொடர்கதையைப் படித்துவிட்டுத்தான் எத்தனையோ பேர் கொடும்பாளூர் என்ற பெயரையே தெரிந்துகொண்டார்கள். என் மருமகளும் அப்படித்தான். சென்னையிலிருந்து முதல்முறை வந்தபோது, அத்தை, அந்த இளவரசி ஊருக்குப் போகலாமா என்றுதான் கேட்டாள். அழைத்துப் போனேன். அனுபமாவையும் கற்றளியையும் வரகுணையையும் பிடாரியையும் பற்றிச் சொன்னேன். திரும்பி வரும்போது, இவ்வளவு பெண்கள் நிஜமாகவே இருந்திருக்கும்போது இவர்களைப் பற்றி ஏன் அத்தை யாருமே எழுதுவதில்லை என்று கேட்டாள். அந்தக் கேள்வியை உங்களிடம் ஒப்படைக்கிறேன். கதையைத் தேடி வருகிற வாசகருக்கு மெய்யான குடும்பத்தையும் காட்டுகிற வேலையை உங்கள் நாளிதழ் செய்ய முடியும். அரைப்பக்கமே போதும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மூவர் கோயில் கல்வெட்டின் மூலத்தைப் புதுக்கோட்டை சமஸ்தானம் 1929-இல் அச்சிட்ட கல்வெட்டுத் தொகுப்பிலேயே சேர்த்திருக்கிறார்கள். வடமொழி தெரிந்த கல்வெட்டு அறிஞர் ஒருவரிடம் கொடுத்து, எளிய தமிழில் முழுமையாக எழுதி வாங்கி உங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியிடுங்கள். சிதைந்த இடங்களைச் சிதைந்ததாகவே காட்டுங்கள், ஊகத்தால் நிரப்ப வேண்டாம். அடுத்தமுறை கொடும்பாளூர்ப் பயணத்தைப் பற்றி எழுதும்போது மூவர் கோயிலோடு நிறுத்தாமல், பக்கத்திலேயே மகிமாலய இருக்குவேள் எடுத்த முதுகுன்றமுடையார் கோயிலையும், ஐவர் கோயிலின் அடித்தளத்தையும், அங்குள்ள பெரிய நந்தியையும் சேருங்கள். முடிந்தால் மறுநாளுக்கு அந்தநல்லூரையும் திருச்செந்துறையையும் சேருங்கள். அப்பாவும் பிள்ளைகளும் கட்டிய கோயில்களை ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம். திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து காவிரிக் கரை ஊர்களுக்கு நகரப் பேருந்து இருக்கிறது. விராலிமலைக்கு மதுரைப் பேருந்து எதில் ஏறினாலும் போகலாம், இறங்கும் இடத்தை நடத்துநரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

மொழிபெயர்ப்பை வெளியிடுவதாக இருந்தால் ஒரு வாரம் முன்னதாகத் தெரிவியுங்கள். எங்கள் ஒன்றியத்துப் பள்ளிகளுக்கு அன்றைய இதழை வாங்கி அனுப்பும் செலவை நானும் என்னோடு ஓய்வு பெற்ற ஆசிரியர் சிலரும் ஏற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை,
விராலிமலை, புதுக்கோட்டை மாவட்டம்.